உயிலும் பங்கும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாகச் சொத்து வழக்குகள் பார்த்து வருகிறேன். வாரிசு, பங்கு, உயில் என்று என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன். மற்றவர்களுக்கு மாறும் முக்கியமான இடங்களைச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்டேட் பிளான் என்கிறார்களே, எங்களுக்கு எஸ்டேட் எதுவும் இல்லையே?

எஸ்டேட் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மலேயா ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு, ஒருவர் விட்டுச் செல்லும் அத்தனையும் என்று அர்த்தம். வீடு, வீட்டில் ஒரு பங்கு, மனை, நகை, வங்கிப் பணம், இன்சூரன்ஸ், ஷேர், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் அதில் வரும். இவை யாருக்கு, எப்படி, யார் மூலமாகப் போக வேண்டும் என்று நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் திட்டம். உயில் அதில் பெரிய பகுதி. நாமினி, செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்), பாகப்பிரிவினை, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன், மருத்துவம் பற்றிய விருப்பம் ஆகியவையும் சேர்ந்தால்தான் அது முழுசாகும்.

நகரத்தார் வீடுகளில் இதை நான் ஐந்தொகை (இருப்பையும் பாக்கியையும் காட்டும் கணக்கு) என்றே சொல்லிப் புரிய வைக்கிறேன். ரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன ஏஜெண்ட் தன் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது, வரவு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஐந்தொகை போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அந்த ஒப்படைப்பை வீட்டுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரு சின்ன வீடுதான். அதற்கும் உயிலா?

சின்ன வீட்டுக்குத்தான் முதலில் வேண்டும். ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர். தரைக்குப் பதிக்கும் பூக்கல் ஊற்றும் கை. மூன்று சென்ட் இடம் வாங்கி, சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. மனைவி, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், வயதான தாயார்.

வீடு இனி தனக்குத்தான் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். சட்டம் அதை நாலு சம பங்காகப் பிரித்துவிட்டது. மாமியாருக்குக் கால், அவருக்குக் கால், பிள்ளைகளுக்குக் கால் கால். பிள்ளைகள் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கலாம் என்று போனால், மைனர்களின் பங்கை அடகு வைக்கவோ விற்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். மாமியார் கையெழுத்தும் வேண்டும். இரண்டு வருடத்தில் மாமியாரும் காலமானார். அவருக்கும் உயில் இல்லை. அவருடைய கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போனது. அதாவது கட்டிக்கொடுத்த இரண்டு நாத்தனார்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, இறந்துபோன மகனின் இரு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்று சென்ட் இடத்துக்கு இப்போது ஐந்து சொந்தக்காரர்கள். நாத்தனார்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சூரத்தில். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அந்த அம்மா காத்திருக்க வேண்டும்.

அந்த மனிதர் ஒரு வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதி இரண்டு சாட்சி போட்டிருந்தால் இது எதுவும் இல்லை. இப்போது அந்த வீட்டுக்குப் போனால் அவர் ஊற்றிய கல்தான் முகப்பில் பளபளவென்று கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் சொத்து யாருக்கு?

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்கு. தாய், மனைவி, மகன், மகள் எல்லாரும் சமம். மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால், மகனின் மனைவி பிள்ளைகளோ மகளின் பிள்ளைகளோ அந்த ஒரு பங்கை எடுப்பார்கள். தகப்பனார் இந்த வகுப்பில் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மகனுக்கு மனை வாங்கப் பணம் முழுவதும் கொடுத்த அப்பச்சிக்கு, அந்த மகன் போன பிறகு, முதல் வகுப்பு வாரிசு ஒருவர் இருந்தால்கூட, அதில் சட்டப்படி பங்கு கிடையாது.

கிறிஸ்தவக் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்கள் உயில் மூலம் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் போனாலும், ஒரு வாரிசுக்கே எழுதினாலும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டியிருக்கும்.

பூர்வீக வீட்டில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை என்ன செய்வது?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி இது.

கொள்ளுத்தாத்தா பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் இறக்கிக் கட்டிய வீடு. முகப்பு, பட்டாலை, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். அவருக்கு நாலு மகன்கள், ஆளுக்குக் கால். அதில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அதில் ஒருவருக்கு ஐந்து வாரிசுகள். நாலாவது தலைமுறையில் ஒருவர் கையில் இருப்பது அறுபதில் ஒரு பங்கு. சென்னையிலும் ஈப்போவிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற அறுபது பேரை ஒரே பதிவு அலுவலகத்தில் கொண்டுவந்து நிறுத்துவது யாரால் முடியும்?

அப்புறம் என்ன நடக்கிறது என்பதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். வளவின் மேற்குப் பக்கத் தாழ்வாரத்தில் நாலைந்து நாட்டு ஓடு உடைந்திருந்தது. மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். 'மேற்குப் பத்தி அவர்கள் பங்கு, அவர்கள் செய்யட்டும்' என்றார்கள் கிழக்குப் பங்கினர். மேற்குப் பங்குக்காரர் யார் என்பதிலேயே தகராறு. மூன்று ஐப்பசி மழை இறங்கியது. நான் போன அன்று உத்தரத்தில் சாவியை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே இறங்கியது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன் உள்ள தேக்குத் தூணும் அடியில் கறுத்திருந்தது. இப்படி விழுந்த வீடுகளின் தூணும் நிலையும் பீங்கான் ஜாடியும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பட்டியலால் உடைந்த ஓடு ஒன்றைக்கூட மாற்ற முடியாது. பங்கைச் சீர்படுத்தினால்தான் முடியும்.

சரி, என்ன செய்யலாம்? முழு வீட்டையும் உயில் எழுத உங்களால் முடியாது, உங்கள் பங்கை மட்டும் எழுதலாம். என் கருத்து ஒன்றுதான்: பங்கை மேலும் உடைக்காதீர்கள். வீட்டின் மேல் பிரியம் உள்ள ஒரு பிள்ளைக்கு, ஊருக்கு வந்து போகிற ஒரு பிள்ளைக்கு, அதை முழுசாக எழுதுங்கள். மற்றவர்களுக்கு வைப்புத்தொகையிலோ மனையிலோ ஈடு செய்யுங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் வந்து புழங்கலாம் என்பதை உயிலிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.

உங்கள் பங்கு இன்று எவ்வளவு என்று தெரியாவிட்டால், முதலில் வம்சாவளி எழுதுங்கள். பழைய பாகப்பத்திரம், வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டாவின் நகல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உயிரோடு இருக்கும் மூத்த ஆச்சி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் இல்லாத பெயர்கள் அவருக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் பங்காளியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ 'எனக்கு வேண்டாம்' என்று அவர் சொன்னது செல்லாது.

பெண்ணுக்குச் சீர் வரிசை எல்லாம் செய்துவிட்டோம். அவளுக்கும் பங்கா?

ஆமாம். சீர் கொடுத்தது பங்குக்கு ஈடாகாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் உரிமை என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தகப்பனார் அந்தத் திருத்தத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை நிற்கும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகம் பிரிந்து பதிவானது கலையாது.

தன் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். மகளுக்குக் குறைத்து எழுதுவதென்றால் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுதுங்கள். பணத்துக்காக வழக்குப் போட்ட பெண்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். 'என் பெயரே அதில் இல்லை' என்ற வருத்தத்தில் வந்தவர்கள்தான் அதிகம்.

பெண்கள் உயில் எழுத வேண்டுமா? எல்லாம் அவர் பெயரில்தானே இருக்கிறது?

கட்டாயம் எழுத வேண்டும். உயில் இல்லாமல் ஒரு பெண் இறந்தால் கணவனும் பிள்ளைகளும் முதல் வாரிசு. அவர்கள் யாரும் இல்லையென்றால் சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பிறகுதான். பிள்ளை இல்லாத ஒரு விதவை ஆசிரியை வேலை பார்த்துச் சேர்த்த பணம், அவரைத் திரும்பிப் பார்க்காத கொழுந்தனுக்குப் போய், கடைசி வரை சோறு போட்ட தங்கைக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, அது தகப்பன் வழிக்குத் திரும்பும் என்ற விலக்கு இருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போது கொடுத்த சீரை அந்த விலக்கில் சேர்க்க முடியாது.

நகை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஓர் ஆச்சி நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் ஒரு பட்டியல் வைத்திருந்தார். கழுத்திரு, வைரத்தோடு, மூக்குத்தி, வெள்ளிக் குத்துவிளக்கு ஜோடி, ஒவ்வொன்றுக்கும் எடை, எதிரே பெறுகிறவர் பெயர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அடியில் கையெழுத்து இல்லை, சாட்சியும் இல்லை. சட்டப்படி அது வெறும் நோட்டு. பிள்ளைகள் நல்ல மனதோடு அதை அப்படியே மதித்துப் பிரித்துக்கொண்டார்கள், தோடு ஒன்றைத் தவிர. அந்தத் தோட்டுக்காக இரண்டு அக்கா தங்கைகள் ஆறு வருடம் பேசவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இருந்திருந்தால் போதும்.

நாமினி போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், உரிமை வாரிசுகளுக்கு. இன்சூரன்ஸ் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே இதைச் சொன்னது, ஷேருக்கும் 2023இல் அதையே சொன்னது. இன்சூரன்ஸில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. ஆனாலும் நாமினி போடுவதை விட்டுவிடாதீர்கள், பணம் சீக்கிரம் கைக்கு வர அதுதான் வழி. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். உயிலில் எழுதிய பெயரும் நாமினி பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

என் சித்தப்பா இறந்த பிறகுதான் அவருக்கு இன்னொரு வங்கியில் வைப்புத்தொகை இருந்தது தெரிந்தது. கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகைக்குள் ரசீது மடித்துக் கிடந்தது. நாமினி இல்லை. சித்தி ஒன்றரை வருடம் அலைந்தார். பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் வாரிசு கேட்டு வாங்கலாம், ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் அந்த அலைச்சல் எதற்கு?

பிள்ளை கூட்டியிருக்கிறோம் (தத்து எடுத்திருக்கிறோம்). அவனுக்கு எல்லாம் தானாக வந்துவிடுமா?

முறையாகச் சுவீகாரம் ஆனவன் சொந்தப் பிள்ளைக்குச் சமம். பிறந்த வீட்டில் வாரிசுரிமை போய்விடும். பதிவான சுவீகாரப் பத்திரம் இருந்தால் நீதிமன்றம் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு தொடங்கும். சடங்கு மட்டும் நடந்து பத்திரம் இல்லாத வீடுகளில்தான், பிற்காலத்தில் பங்காளிகள் 'இவன் யார்?' என்று கேட்கிறார்கள். பத்திரமும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள்.

உயிலை எப்படி எழுதுவது? முத்திரைத்தாள் வேண்டுமா?

வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், டைப் அடிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்களும் உங்கள் முன்னால் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. பிற்காலத்தில் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, சொத்துப் பெறாதவர்களாகப் பாருங்கள். எண்பது வயது நண்பர் இருவரைச் சாட்சி போட்டு, மூவருமே போய்விட்ட உயில்களை வைத்துக்கொண்டு நான் திண்டாடியிருக்கிறேன்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்யுங்கள் என்பேன். தொலைந்தாலும் நகல் கிடைக்கும், பொய் உயில் என்று சொல்வதும் கஷ்டம். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றும் சேர்த்து வையுங்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் பெயரையும், 'இதில் சொல்லாத மற்ற சொத்துகள் இன்னாருக்கு' என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். பின்னாளில் வாங்குகிற மனையும் அந்த வரியில் அடங்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிலா, செட்டில்மென்டா?

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கை மாறிவிடும், திரும்ப வாங்குவது சுலபமில்லை. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும். குடியிருக்கும் வீட்டைச் செட்டில்மென்ட் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். செய்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிறகு பிள்ளைகள் கைவிட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

மலேசியாவிலும் சொத்து இருக்கிறது. ஒரே உயில் போதுமா?

வீடு, நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. அங்கே உள்ளதற்கு அங்கே ஒரு உயில், இங்கே உள்ளதற்கு இங்கே ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு எச்சரிக்கை: 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்ற வழக்கமான வரியை யோசிக்காமல் எழுதினால், அங்கே எழுதிய உயிலும் சேர்ந்து ரத்தாகிவிடும். 'இந்தியச் சொத்து பற்றி முன் எழுதியவற்றை மட்டும்' என்று எழுதுங்கள்.

தர்மத்துக்குக் கொஞ்சம் எழுதலாமா?

தாராளமாக. எந்த அமைப்புக்கு, எவ்வளவு, எதற்காக என்று பெயரோடு எழுதுங்கள். 'ஏதாவது நல்ல காரியத்துக்கு' என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். முடிந்தால் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தம் கையாலேயே கொடுத்தார். 1957இல் அவர் காலமானபோது அவருக்கு வயது 47தான்.

பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்து வைத்திருக்கிறேனே, அது போதாதா?

கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அன்றோடு முடிந்தது. நினைவு தப்பிப் போனாலும் அப்படித்தான். அதை வைத்துக் கணக்கில் பணம் எடுத்தால் பிள்ளைகளே சிக்கலில் மாட்டுவார்கள்.

மருத்துவத்துக்கு வேறு வழி இருக்கிறது. தேறவே முடியாத நிலையில் குழாயும் இயந்திரமும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து, அவ்வளவுதான்.

வீட்டில் இதைப் பேசினாலே 'அபசகுனம்' என்கிறார்கள்.

தெரியும். என் அப்பச்சியும் அப்படித்தான் சொன்னார். நான் அவரிடம் சாவைப் பற்றிப் பேசவில்லை, அவர் கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டேன். எந்தக் கடையில் தேக்கு வாங்கினீர்கள், இந்தக் கதவு யார் இழைத்தது, உங்களுக்கு அப்புறம் இதை யார் நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று. அவரே பேனா கேட்டார். மூத்தவர்களிடம் 'எனக்கு என்ன?' என்று ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் முதலில் நீங்கள் உங்கள் உயிலை எழுதிக் காட்டுங்கள்.

எழுதிய உயிலை எங்கே வைப்பது?

வங்கி லாக்கரில் மட்டும் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்கவே உயிலைக் கேட்டு, உயில் லாக்கருக்குள் இருக்கும் நிலை வரும். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்தும் வைக்கலாம். கூடவே ஒரு பட்டியல் வேண்டும்: எந்த வங்கி, எந்தப் பாலிசி, பத்திரம் எந்தப் பெட்டியில், யாரிடம் வாங்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், போன் திறக்கும் எண். வருடத்துக்கு ஒரு தடவை அதைத் திருத்துங்கள். நான் புதுக்கணக்கு எழுதும் சித்திரை முதல் நாளை அதற்கு வைத்திருக்கிறேன். என் உயில் இரண்டாங்கட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு மேல் தட்டில், மஞ்சள் உறையில் இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன்.